ஜப்பானியப் பல்கலைக்கழகத் தேநீர் மன்றத்தில் சேரலாமா?

வரும் ஏப்ரலில் முதுகலைப் படிப்புக்காகக் கியோத்தோ செல்லவிருப்பதாகவும், அங்குள்ள பல்கலைக்கழகத் தேநீர்ச் சடங்கு மன்றத்தில் சேர ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானிய மொழி அரைகுறை, சைவ உணவு மட்டுமே, முட்டி மடக்கித் தரையில் நெடுநேரம் உட்கார்ந்து பழக்கமில்லை என்று மூன்று தயக்கங்களையும் சொல்லியிருக்கிறீர்கள். என் பதில், சேரலாம் என்பதே. இந்த மூன்றும் சமாளிக்கக் கூடியவை. நீங்கள் கேட்காமல் விட்ட நான்காவது ஒன்றுதான் பெரும்பாலோரைப் பாதியில் வெளியேற்றுகிறது. வாரந்தோறும் ஒரே கிழமையின் மாலைப் பொழுதை, குறைந்தது ஓராண்டுக்கு, வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காமல் ஒதுக்க உங்களால் முடியுமா? நான் கியோத்தோவில் ஆய்வு மாணவனாக இருந்த மூன்று ஆண்டுகளும் இப்படியொரு மன்றத்தில் இருந்தேன். என்னோடு சேர்ந்தவர்களில் தேநீர் பிடிக்காமல் போனவர் எவரும் இல்லை, நேரம் ஒத்துவராமல் போனவர்கள் உண்டு.

சுற்றுலாப் பயணிகளுக்காகக் கியோத்தோவில் நடத்தப்படும் முக்கால் மணி நேரத் தேநீர் அனுபவத்துக்கும் மாணவர் மன்றத்துக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. அங்கே நீங்கள் விருந்தாளி. இங்கே முதல் மாதத்திலிருந்தே வேலையாள். மாணவர் அமைப்புகளில் ‘புகாத்ஸு’ என்றும் ‘ஸாக்குரு’ என்றும் இரு வகை உண்டு. புகாத்ஸு எனப்படுவது பல்கலைக்கழகத்தின் முறையான மன்றம். வருகை, பொறுப்பு, மூத்தோர் இளையோர் வரிசை எல்லாம் அதில் கண்டிப்பாக இருக்கும். ஸாக்குரு சற்றுத் தளர்வானது, வர முடியாத வாரத்தில் ஒரு செய்தி அனுப்பினால் போதும் என்கிற அளவில் நடப்பது. ஒரே வளாகத்தில் இரண்டும் இருப்பதும் உண்டு. ஆய்வகத்தில் இரவு வரை இருக்க வேண்டிய படிப்பு என்றால் ஸாக்குரு உங்களுக்கு ஏற்றது என்று தயங்காமல் சொல்வேன். சில குழுக்கள் பயிற்சியோடு தேநீரின் வரலாற்றையும் சிந்தனையையும் சேர்த்துப் படிப்பவை. கியோத்தோ பல்கலைக்கழகத்தில் 1941இல் ஜென் தத்துவ அறிஞர் ஹிசாமத்ஸு ஷின்இச்சி தொடங்கிய ‘ஷின்சாகாய்’ அந்த வகையைச் சேர்ந்தது.

சேருவதற்குரிய காலம் ஏப்ரல். அப்போதுதான் கல்வியாண்டு தொடங்குகிறது, எல்லா மன்றங்களும் துண்டறிக்கையும் கையுமாக வளாகத்தில் நின்று புதியவர்களை அழைக்கின்றன. இதற்கு ‘ஷின்கான்’ என்று பெயர். தேநீர் மன்றங்கள் ஏப்ரலிலும் மே மாதத்திலும் ‘தாய்க்கென்’ எனப்படும் இலவச அறிமுக நாட்களை வைத்து, வந்தவர்களை உட்கார வைத்து ஓர் இனிப்பும் ஒரு கிண்ணம் மாச்சாவும், அதாவது பச்சைத் தேயிலைப் பொடியை வெந்நீரில் கலக்கிய தேநீரும், தருவார்கள். ஒன்றுக்கு இரண்டு மன்றங்களின் அறிமுகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் தவறில்லை, அவர்களும் அதை எதிர்பார்க்கிறார்கள். போகுமுன் மன்றத்தின் சமூக ஊடகக் கணக்குக்கு நான்கு வரியில் செய்தி அனுப்பிவிடுங்கள்: பெயர், துறை, எத்தனை ஆண்டுகள் இருப்பீர்கள், ஜப்பானிய மொழி எந்த அளவு. ‘எத்தனை ஆண்டுகள்’ என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். இரண்டாண்டு இருப்பவர் என்றால் உங்களுக்கு எதுவரை கற்றுக்கொடுப்பது, எந்தப் பொறுப்பைத் தருவது என்று அவர்கள் திட்டமிட முடியும்; ஆறு மாதத்தில் ஊர் திரும்புகிறவர் என்று பாதியில் தெரியவந்தால் மனவருத்தமே மிஞ்சும்.

அடுத்து மரபு பற்றிய கேள்வி வரும். தேநீர் முறையை ஒழுங்குபடுத்திய சென் நோ ரிக்யூ 1522இல் பிறந்து, ஆட்சியாளர் தொயோதொமி ஹிதேயோஷியின் ஆணையால் 1591இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர். அவருடைய பேரன் சோதானின் பிள்ளைகள் மூவர் வழியாக ஓமோதெசெங்கே, உராசெங்கே, முஷாகோஜிசெங்கே என்ற மூன்று குடும்ப மரபுகள் வந்தன. மூன்றின் தலைமை இல்லங்களும் இன்றும் கியோத்தோவின் காமிகியோ வட்டாரத்தில், ஒன்றுக்கொன்று நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. இவற்றுக்கு வெளியே என்ஷூ, செக்கிஷூ, யாபுனோஊச்சி போன்ற மரபுகளும் உண்டு. மூன்றில் பெரியது உராசெங்கே. வெளிநாட்டவருக்கு அதிகம் கதவு திறந்ததும் அதுவே. அதன் பதினைந்தாம் தலைவரான சென் கென்ஷித்ஸு, போர்க்காலத்தில் தற்கொலைத் தாக்குதல் விமானப் படையில் பயிற்சி பெற்று, போர் முடிந்ததால் உயிர் தப்பியவர். 2025 ஆகஸ்டில் 102 வயதில் மறையும் வரை தேநீரை நாடு நாடாகக் கொண்டு சென்றார். இந்தக் கலைக்கு இரண்டு உச்சரிப்புகள் உண்டு: உராசெங்கேகாரர்கள் ‘சாதோ’ என்பார்கள், ஓமோதெசெங்கேகாரர்கள் ‘ஸாதோ’ என்பார்கள். எழுத்து ஒன்றே.

எந்த மரபில் சேருவது என்று புதியவர் தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. மன்றம் எந்த மரபோ அதுவே உங்கள் மரபு. உராசெங்கேயில் மாச்சாவை நுரை பொங்கக் கலக்குவார்கள். ஓமோதெசெங்கேயில் நுரை குறைவு, ஒரு பகுதியில் நுரையில்லாத பச்சை நீர் பிறை வடிவக் குளம்போலத் தெரிய வேண்டும். முன்னதில் அறைக்குள் வலது காலை வைத்து நுழைய வேண்டும், பின்னதில் இடது காலை. இவையெல்லாம் அற்ப வேறுபாடுகள் என்றுதான் நானும் நினைத்தேன். உராசெங்கேயில் மூன்றாண்டு பழகிவிட்டு, வேலைக்காக வேறு ஊர் போய், அங்கே கிடைத்த ஓமோதெசெங்கே ஆசிரியையிடம் சேர்ந்தபோது, கதவோரம் வந்ததும் வலது கால் தானாக முன்னால் போய்விடும். என்னோடு சேர்ந்த, அதற்குமுன் தேநீர் அறைக்குள் நுழைந்தே அறியாத பெண் இரண்டு வாரத்தில் சரியாக நடந்தார். எனக்கு ஆறு மாதம் பிடித்தது. ஆகவே, படிப்பு முடியும் வரை ஒரே மரபில் இருங்கள், காணொளி பார்த்து இன்னொன்றைக் கலக்காதீர்கள்.

வாரப் பயிற்சிக்கு ‘ஒகேய்கோ’ என்று பெயர். வெளியிலிருந்து ஓர் ஆசிரியர், பெரும்பாலும் வயதான அம்மையார் ஒருவர், வந்து கற்றுக்கொடுப்பார். அவர் வராத நாட்களில் சென்பாய் எனப்படும் மூத்த மாணவர்கள் சொல்லித்தருவார்கள். முதல் சில வாரங்களில் உங்களைத் தேநீர் கலக்க விடமாட்டார்கள். ‘வாரிகேய்கோ’ என்ற துண்டுப் பயிற்சிதான் நடக்கும்: எப்படி வணங்குவது, தத்தாமி பாயின் ஓரப் பட்டையை மிதிக்காமல் எப்படி நடப்பது, ஃபுகுசாவை எப்படி மடிப்பது. ஃபுகுசா என்பது தேநீர்ப் பாத்திரங்களைத் துடைக்கும் சதுரப் பட்டுத் துணி; இரட்டையாக மடித்துத் தைத்தது என்பதால் மூன்று விளிம்பில் தையல் இருக்கும், ஒன்றில் மட்டும் மடிப்பு இருக்கும். அந்த மடிப்பு விளிம்பைத் தொட்டுணர்ந்து கண்டுபிடிப்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. இரு முனைகளைப் பிடித்து முக்கோணமாகத் தொங்கவிட்டு, மூன்றாக ஒடுக்கி, பாதியாக்கி, மீண்டும் பாதியாக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விவரிக்க இரண்டு வரி. செய்யும்போதோ பட்டு வழுக்கிக்கொண்டே போகும். கட்டை விரலுக்கு வலு கொடுத்தால் சுருக்கம் விழும், கொடுக்காவிட்டால் நழுவும். அதே மடிப்பை நூறு முறைக்கு மேல் போட்ட பிறகு, ஒருநாள் கவனம் வேறெங்கோ இருக்கும்போது கை அதைச் சரியாகச் செய்துவிட்டிருக்கும். உராசெங்கே மன்றங்களில் இதற்கு அடுத்த படி ‘போன்ரியாக்கு’, அதாவது ஒரு தட்டில் எல்லாவற்றையும் அடக்கி வைத்துச் செய்யும் எளிய முறை. அதன் பிறகே கரண்டியும் கெண்டியுமாக முழு ‘தெமாயே’, அதாவது தேநீர் கலக்கும் செய்முறை.

இப்போது, மன்றத்தின் உயிர்நிலை என்று நான் கருதும் ‘மிசுயா’வுக்கு வருகிறேன். தேநீர் அறையை ஒட்டிய சிறு ஆயத்த அறை அது. சுருக்கமாகச் சொன்னால் தேநீருக்கான சமையற்கட்டு. அறிமுக நாளன்று அதை யாரும் காட்டமாட்டார்கள், ஆனால் சேர்ந்த பிறகு பாதி நேரம் அங்கேதான் போகும். மாச்சாப் பொடி காற்றின் ஈரத்தில் கட்டி தட்டும் என்பதால், அதைச் சிறு சல்லடையில் சலித்து, நத்ஸுமே என்ற அரக்குச் சிமிழுக்குள் குன்றுபோலக் குவித்து வைக்க வேண்டும். கிண்ணத்தைத் துடைக்கும் ‘சாகின்’ என்ற வெள்ளைத் துணியை நனைத்து, சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து, ஒரு முனையில் மட்டும் சற்றே உப்பலாக இருக்கும்படி மடிக்க வேண்டும். அதிகம் பிழிந்தால் துணி விறைத்துக் கிண்ணத்தில் ஓடாது, குறைவாகப் பிழிந்தால் கிண்ணத்தில் நீர் நிற்கும். ஒரு மாணவி கிண்ணத்தை உள்ளே கொண்டு போகும்போதே அடுத்த கிண்ணம் வெந்நீரில் சூடேறிக்கொண்டிருக்க வேண்டும். மறைப்புக்கு அப்பால் இருந்து பார்க்க முடியாதல்லவா? எனவே காதால்தான் கணக்கிட வேண்டும். கிண்ணத்தில் விழும் வெந்நீரின் ஒலி தாழ்ந்தும் மென்மையாகவும் இருக்கும், தண்ணீரின் ஒலி சற்றுக் கூர்மையாக இருக்கும். அந்த வேறுபாட்டைக் கொண்டு உள்ளே செய்முறை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சென்பாய்கள் சொல்லிவிடுவார்கள். முதல் ஆண்டில் எனக்கு அது மாயவித்தையாகத் தெரிந்தது.

கால் வலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘செய்சா’ என்பது நம்மவர்கள் யோகாசன வகுப்பில் செய்யும் வஜ்ராசனமேதான். அதை ஐந்து நிமிடத்துக்குப் பதில் அரை மணி நேரம் செய்ய வேண்டும் என்பதுதான் சிக்கல். கால் மரத்துப்போவது ஜப்பானிய மாணவர்களுக்கும் உண்டு. அவர்களும் நாற்காலியில் உட்கார்ந்து வளர்ந்தவர்களே. கால் பெருவிரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அவ்வப்போது மாற்றிக்கொள்வது, எடையைச் சற்று முன்னால் தள்ளி உட்காருவது ஆகிய இரண்டும் உதவும். மரத்த காலோடு சட்டென்று எழுந்தால் விழுவீர்கள். கையில் கிண்ணம் இருந்தால் அதுவும் உடையும். எழுமுன் கால் விரல்களை ஊன்றிக் குதிகால் மேல் சில நொடி இருந்துவிட்டு எழுங்கள். முழங்காலில் உண்மையான மருத்துவச் சிக்கல் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1872இல் கியோத்தோவில் நடந்த பொருட்காட்சியை ஒட்டி, வெளிநாட்டு விருந்தினருக்காக மேசை நாற்காலியில் தேநீர் படைக்கும் ‘ரியூரேய்’ முறையை உராசெங்கேயின் பதினொன்றாம் தலைவர் கென்கென்சாய் வகுத்தார். ஆக, நாற்காலித் தேநீர் ஒன்றரை நூற்றாண்டாக முறையான தேநீர்தான்.

மொழியைப் பொறுத்தவரை, தேநீர் அறையில் பேசப்படுவதில் பெரும்பகுதி மாறாத வாசகங்கள். இனிப்பையோ கிண்ணத்தையோ எடுக்குமுன் பக்கத்தில் இருப்பவரிடம் ‘ஓசாகி நி’, அதாவது ‘உங்களுக்கு முன்பாக நான்’ என்று சொல்லித் தலை தாழ்த்துவது. பருகுமுன் கலக்கியவரிடம் ‘ஓதெமாயே சோதாய் இதாஷிமாஸு’, அதாவது ‘நீங்கள் கலக்கிய தேநீரைப் பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்’ என்பது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வாசகங்களோடு ஓராண்டை ஓட்டிவிடலாம். சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. மன்றத்தின் குழுச் செய்திகள், கணக்கு வழக்கு, விழாவுக்கான பணிப் பங்கீடு எல்லாம் விரைவான பேச்சு ஜப்பானிய மொழியில் வரும். அவற்றைத் துணிச்சலோடு திருப்பிக் கேளுங்கள்; புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுத் தவறான நாளில் போய் நிற்பதைவிட அது நல்லது. பயிற்சியின்போது குறிப்பெடுப்பதையும் படம் பிடிப்பதையும் பல ஆசிரியர்கள் விரும்பமாட்டார்கள். அறையை விட்டு வெளியே வந்ததும் நினைவில் இருப்பதை எழுதிவைக்கும் வழக்கம் அங்கே எல்லோருக்கும் உண்டு.

உணவு பற்றி நீங்கள் அஞ்சும் அளவுக்கு ஒன்றுமில்லை. தேநீரோடு தரும் இனிப்புகள் பெரும்பாலும் அசுகிப் பயறு, வெள்ளைப் பயறு, சர்க்கரை, அரிசி மாவு, கடற்பாசியிலிருந்து எடுக்கும் கந்தென் ஆகியவற்றால் ஆனவை. மாவில் சுட்ட சில வகைகளில் முட்டை இருக்கும், புதுமையான சிலவற்றில் ஜெலட்டின் இருக்கலாம். இனிப்பு வாங்கும் பொறுப்பிலுள்ள மாணவரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள். மாச்சா கசக்கும், பாலும் சர்க்கரையும் சேர்க்கமாட்டார்கள். அதனால்தான் இனிப்பை முதலில் முழுவதும் தின்று முடித்துவிட்டுத் தேநீரைப் பருக வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு கடி, ஒரு மடக்கு என்று மாற்றி மாற்றிப் போகக் கூடாது. கியோத்தோவில் ஜூன் இறுதியில் ‘மினாசுக்கி’ என்றொரு முக்கோண இனிப்பு வரும். பனிக்கட்டித் துண்டுபோல வெட்டிய வெள்ளை மாவின் மேல் சிவந்த பயறு பதித்தது. அதற்காகவே நான் ஜூன் மாதத்தில் ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முழு விருந்தோடு கூடிய தேநீர் நிகழ்ச்சிகளில் மட்டும் கவனம் தேவை; அங்கே காய்கறியும் சூரை மீன் சீவலில் காய்ச்சிய சாற்றில் வெந்திருக்கும். மன்றங்கள் அத்தகைய விருந்தை நடத்துவது அரிது.

செலவில் மன்றக் கட்டணமும் இனிப்பு, மாச்சாவுக்கான பங்கும் ஆசிரியர் கட்டணமும் அடங்கும். தனியாக ஓர் ஆசிரியரிடம் சேருவதைவிட இது எவ்வளவோ குறைவு. சொந்தமாக வாங்க வேண்டியவை ஃபுகுசா, சிறு விசிறி, கைஷி என்ற மடிப்புத் தாள், இனிப்பை வெட்டும் குச்சி, அவ்வளவே. மரபின்படி பெண்களுக்குச் சிவப்புச் சாயல் ஃபுகுசா, ஆண்களுக்கு ஊதா. சேர்ந்து ஒரு மாதம் ஆகும் முன் எதையும் வாங்காதீர்கள், மன்றத்தில் இரவல் இருக்கும். கிமோனோ வாங்கவே வேண்டாம். வாரப் பயிற்சிக்குச் சாதாரண உடையும் வெள்ளைக் காலுறையும் போதும், விழா நாட்களுக்கு இரவல் கிடைக்கும், கட்டிவிடவும் சென்பாய்கள் இருப்பார்கள். படிப்படியாக அடுத்த பாடங்களைக் கற்க மரபின் தலைமை இல்லத்திடமிருந்து அனுமதிப் பத்திரம் பெறும் முறை ஒன்று உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். மாணவர் மன்றங்களில் பொதுவாக அது அவரவர் விருப்பம். இரண்டாம் ஆண்டில் யோசித்துக்கொள்ளலாம்.

மன்றத்தில் பெண்களே அதிகம் இருப்பார்கள், இதற்கு வரலாறு உண்டு. படைத்தலைவர்கள் ஆண்ட எடோ காலம் (1603–1868) வரை தேநீர் ஆண்களின் உலகம், அதைப் புரந்தவர்கள் படைத்தலைவர்கள். 1868இல் ஆட்சி பேரரசரிடம் திரும்பிய மெய்ஜி மாற்றத்தில் அந்தப் புரவலர்கள் மறைந்து தேநீர் மரபுகள் தள்ளாடியபோது, அவற்றைத் தாங்கிப் பிடித்தவற்றில் பெண் கல்விக்கு முக்கிய இடம் உண்டு. 1875இல் தோக்கியோவில் பள்ளி தொடங்கிய அதோமி காக்கேய் தேநீரைப் பாடமாகவே வைத்தார். கியோத்தோவில் தோஷிஷா கல்வி நிலையத்தை நிறுவிய நீஜிமா ஜோவின் மனைவி யாயே, இளமையில் துப்பாக்கி ஏந்திக் கோட்டை காத்தவர், பிற்காலத்தில் உராசெங்கே ஆசிரியையாகிப் பெண்களுக்குத் தேநீர் கற்பித்தார். உங்களுக்குச் சொல்லித்தரப் போகும் அம்மையாரும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான்.

ஆண்டின் போக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். மே முதல் அக்டோபர் வரை தரைமேல் வைக்கும் ‘ஃபுரோ’ அடுப்பில் நீர் கொதிக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பாயை வெட்டித் தரைக்குள் இறக்கிய ‘ரோ’ அடுப்பில். அடுப்பு மாறினால் உட்காரும் கோணமும் கை செல்லும் வழியும் மாறும், ஆறு மாதம் பழகியது எல்லாம் குழம்பும். அதே நவம்பரில்தான் பல பல்கலைக்கழகங்களின் மாணவர் விழாவும் வரும். அன்று மன்றம் பொதுமக்களுக்குத் தேநீர் படைக்கும். ஒவ்வோர் அமர்விலும் விருந்தினர் பார்க்க ஒருவர் மட்டுமே தேநீர் கலக்குவார். முதல் இரண்டு மூன்று விருந்தினருக்கே அவர் கலக்கிய கிண்ணம் போகும், மற்ற அனைவருக்கும் மிசுயாவில் நாலைந்து பேர் வேகமாகக் கலக்கி அனுப்புவார்கள். என் முதல் விழாவில் நான் காலையிலிருந்து மாலை வரை அங்கே நின்று கலக்கிக்கொண்டிருந்தேன். ஒரு விருந்தினரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த அவசரத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்து, மன்றத்தின் நல்ல கிண்ணம் ஒன்றின் விளிம்பில் கீறல் விழுந்தது. ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் தன் வெறும் மணிக்கட்டை மட்டும் என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

வாரம் ஒரு மாலையை உறுதியாக ஒதுக்க முடியாது என்றால், வேறு வழிகளும் உண்டு. கியோத்தோவில் வீட்டிலேயே கற்பிக்கும் ஆசிரியர்கள் ஏராளம். மாதம் இரண்டு மூன்று முறை, உங்களுக்கு ஏற்ற நேரத்தில் போகலாம், செலவுதான் கூடும். படிப்பு முடிந்த பிறகும் ஆர்வம் குறையாவிட்டால், வெளிநாட்டவருக்காக உராசெங்கே 1970இல் தொடங்கிய ‘மிதோரிகாய்’ என்ற முழுநேரப் பயிற்சி இருக்கிறது. இருந்தாலும் வாய்ப்பிருந்தால் மன்றத்தையே முதலில் முயன்று பாருங்கள் என்பேன், ஏனெனில் மிசுயா வேலையை அத்தனை பேரோடு சேர்ந்து கற்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் அமையாது.

அறிமுக நாளன்று தளர்வான நீண்ட பாவாடை அல்லது கால்சட்டை அணியுங்கள், பையில் சுத்தமான வெள்ளைக் காலுறை ஒரு சோடி வையுங்கள், வாசனைத் திரவியம் வேண்டாம், மோதிரமும் கடிகாரமும் அறைக்கு வெளியே இருக்கட்டும். கிண்ணம் கைக்கு வந்ததும் அதன் முகப்பில் வாய் படாதபடி சற்றுத் திருப்பிப் பருகுங்கள். எப்படித் திருப்புவது என்பதைப் பக்கத்தில் இருப்பவர் காட்டுவார். விடைபெறும்போது வாரப் பயிற்சி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுக்கொண்டு, அந்த நேரத்தில் உங்கள் ஆய்வகக் கூட்டம் எதுவும் வரவில்லை என்பதை அன்றிரவே உறுதிசெய்துவிட்டுப் பெயர் கொடுங்கள்.